நெட்டையன் யாருடைய ஆள்?

போன மாதம் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் எங்கட கழகம் தோற்றது. தோற்றது பெரிய விசயமில்லை, எங்களுக்கு அது பழக்கம். ஆனால் கடைசி நிமிடத்தில் கோணரிலிருந்து வந்த பந்தை எல்லாருக்கும் மேலால எழும்பித் தலையால் முட்டி எங்கட வலைக்குள் போட்டவன் எங்கட ஒழுங்கையில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்து எங்கட ஜேர்சி போட்டவன். உயரத்தால் அவனுக்கு நெட்டையன் என்று பேர். ரெண்டு வருடத்துக்கு முதல் கலியாணம் முடித்து, தெற்கே நாலு ஊர் தள்ளிப் பெண் வீட்டில் இருக்கிறான். இப்போது அந்த ஊர்க் கழகத்துக்கு விளையாடுகிறான்.

கோல் விழுந்ததும் எங்கட பக்கத்திலிருந்து எழும்பின சத்தத்தை அப்படியே எழுத ஏலாது. "காசுக்குப் போனவன்" என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான வார்த்தை. கூவினவர்களில் இதை எழுதுகிற நாங்களும் இருந்தோம். நெட்டையன் கோல் அடித்துவிட்டுக் கையைக்கூட உயர்த்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து போனான்.

அன்று இரவு தேத்தண்ணிக் கடையிலும் அதே கதைதான். வட்ஸ்அப் குறூப்பில் அதைவிட மோசம். அந்த நேரம் மெல்பேர்னில் இருக்கிற காக்கா ஒருவர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "உங்கட சண்டை ஒரு சண்டையாடா? இங்க ஒரு ரக்மனை வச்சு மூணு வருசமா அடிபடுறானுகள்" என்றார். ரக்மன் என்றால் என்ன என்று எங்களுக்கு அன்று தெரியாது. தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, அவுஸ்திரேலியாவில் ஆரம்பித்த தேடல் கொக்கட்டிச்சோலை, காரைதீவு என்று எங்கட கரைக்கே திரும்பி வந்தது.

இதை அவசரமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கட கழகத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வந்திருக்கிறது: ஊரைவிட்டுப் போய் இன்னொரு கழகத்துக்கு விளையாடினவரின் உறுப்புரிமை நிரந்தரமாக நீக்கப்பட வேண்டும். பேர் போடவில்லை. யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும்.

கொம்பு

விளையாட்டுக் கழகம் என்ற ஒன்று இந்தப் பக்கம் வருவதற்கு முதலே இந்தக் கரையில் "பக்கம்" இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ் ஊர்களில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்து நடந்த கொம்புமுறி விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறோம். எங்களில் பலர் அதன் பேரை மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறோம்.

விளையாட்டு இதுதான். வைரம் பாய்ந்த வளைந்த மரத்துண்டு ரெண்டு. அவைதான் கொம்புகள். ஒன்றோடு ஒன்றைக் கொளுவிக் கட்டி, வடம் போட்டு ரெண்டு பக்கமும் இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. வென்ற பக்கம் தோற்ற பக்கத்தைப் பார்த்துப் பாட்டாலேயே நையாண்டி பண்ணும். இன்றைக்கு நாங்கள் மைதானத்தில் கூவுகிறோமே, அதற்கு ராகம் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரெண்டு பக்கத்துக்கும் பேர் உண்டு, வடசேரி, தென்சேரி. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். கண்ணகியும் கோவலனும் கொக்கத்தடியால் பூப்பறிக்கும்போது தடிகள் ரெண்டும் சிக்கிக்கொள்ள, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், அதிலிருந்து வந்த விளையாட்டு இது என்பது கதை. சிங்கள ஊர்களிலும் இதே விளையாட்டு அங்கெலிய என்ற பேரில் இருக்கிறது. அங்கே தெய்வத்தின் பேர் பத்தினி. பக்கங்களின் பேர் உடுபில, யட்டிபில. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெரிய புத்தகத்தில் அங்கெலியவுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்.

இது எவ்வளவு பழசு? 1660இல் கொட்டியாரத்தில், அதாவது எங்கட கிழக்குக் கரையிலேயே, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயன் றொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்துக்குள் இருந்து தப்பிப் போய், 1681இல் லண்டனில் புத்தகம் போட்டான். அதில் இந்த விளையாட்டு வருகிறது. பத்தினித் தெய்வத்துக்காக, ஊரில் நோய் பரவுகிற காலத்தில், ரெண்டு வளைந்த தடிகளைக் கொளுவி முறிகிற வரைக்கும் இழுப்பார்கள் என்று எழுதுகிறான். அரசன் அதைத் தடைசெய்தான் என்றும் எழுதுகிறான். ஆக, ரசிகர்களின் அட்டகாசம் தாங்க முடியாமல் விளையாட்டை நிறுத்துவது இந்த நாட்டில் நேற்றுத் தொடங்கினது இல்லை.

எங்களை நிற்க வைத்த விசயம் ரெண்டு. முதலாவது, வடசேரியா தென்சேரியா என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது பிறப்போடு வருகிறது. போன வருடம் வடசேரி வென்றது என்பதற்காக இந்த வருடம் அங்கே போய் நிற்க ஏலாது. இரண்டாவது, கொம்புமுறியில் பார்வையாளன் என்று தனியாக ஒருத்தன் இல்லை. ஆதரிக்கிறவன்தான் வடத்தைப் பிடித்து இழுக்கிறான். கொம்பு முறிந்தால் அவன் கையில் இருந்த வடம்தான் தளர்கிறது. "நான் வரம்பில் நின்று ஏசுவேன், நீ உள்ளே நின்று எனக்காக ஓடு" என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

இந்த ரெண்டாவது விசயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

குடி

கொம்பு எங்கட முஸ்லிம் ஊர்களின் சடங்கு இல்லை, கண்ணகியும் எங்கட தெய்வம் இல்லை. ஆனால் பிறப்பால் வருகிற பக்கம் என்பது எங்களுக்கும் புதுசு இல்லை. எங்களிடம் குடி இருக்கிறது.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த மூத்தம்மாவிடமும் கேளுங்கள், தன் குடி என்னவென்று சொல்வா. குடி வாப்பா வழியாக வருவதில்லை, உம்மா வழியாக வருகிறது. பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அப்படித்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவர் என்று மரைக்காயர்மார் இருந்தது இந்த அடிப்படையில்தான். அக்கரைப்பற்றில் 1969இலிருந்து ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2008இல் வெளியிட்ட நூலில் இந்தக் கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக வைத்து இந்தக் குடிமுறையை விளக்குகிறார். எங்கட வீட்டுக் கதையை அமெரிக்கக்காரர் எழுதி நாங்கள் வாசிக்க வேண்டியிருக்கிறதே என்று எங்களில் ஒருத்திக்குக் கோபம். அது வேறு கட்டுரை.

குடியோடு சேர்ந்தது வீடு. இந்தக் கரையில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு கொடுக்கிறது. வாப்பா கட்டாரில் நின்று உழைக்கிறதும், காக்காமார் தங்கச்சிக்காகக் கலியாணத்தைத் தள்ளிப்போடுகிறதும் அந்தச் சீதன வீட்டுக்காகத்தான். அந்த முறையின் அநியாயத்தைப் பற்றி இந்தத் தளத்தில் ஏற்கனவே சண்டை பிடித்திருக்கிறோம். இங்கே நாங்கள் பார்ப்பது அதன் இன்னொரு பக்கம். கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் வீடு மாறுகிறான். பெண் பிறந்த ஒழுங்கையில், உம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். பக்கத்து ஒழுங்கைக்குப் போகலாம், நாலு ஊர் தள்ளியும் போகலாம்.

அப்படியென்றால், இந்தக் கரையின் ஒவ்வொரு கழகமும் கலியாணம் முடிக்காத பொடியன்களை நம்பித்தான் இருக்கிறது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் நல்ல ஆட்டக்காரன் ஒருத்தனை நாங்கள் இழக்கிறோம் என்றால் பாதி நேரம் காரணம் காசு இல்லை, கலியாணம். நெட்டையன் போனதும் அப்படித்தான். வேலை முடிந்து பின்னேரம் ஐந்து மணிக்கு நாலு ஊர் தாண்டி வந்து எங்களோடு பயிற்சி எடுத்துவிட்டு இரவு திரும்பிப் போ என்று யார் சொல்வது? இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் அவன் விளையாடினான்.

ஆனால் குடி மாறுகிறதா? இல்லை. எங்கே போய் இருந்தாலும் ஆம்பிளை தன் உம்மாவின் குடிதான். மனைவி வீட்டில் நாற்பது வருடம் இருந்தாலும் அவன் மனைவியின் குடி ஆகிவிடுவதில்லை. அவனுடைய பிள்ளைகள் மனைவியின் குடி. அவன் உம்மாவின் குடி. இருப்பிடம் வேறு, உரித்து வேறு என்று எங்கட மூத்தவர்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆள் போகிறான் என்பதற்காகக் குடியிலிருந்து பேர் வெட்டினார்கள் என்று நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

நடுவில் எழும்புகிறவன்

இனி மெல்பேர்ன் காக்காவின் ரக்மனுக்கு வருவோம்.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் எங்கட உதைபந்தாட்டம் இல்லை. கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டத் திடல், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து. காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், எறியக்கூடாது. 1859 மே மாதம் மெல்பேர்ன் கழகத்தைச் சேர்ந்த சிலர் ஒரு ஹோட்டலில் கூடி அதன் முதல் விதிகளை எழுதினார்கள். அதில் ஒருவர் கிரிக்கெட் ஆட்டக்காரர் டொம் வில்ஸ். கிரிக்கெட் இல்லாத குளிர்காலத்தில் ஆட ஏதாவது வேண்டும் என்று தொடங்கினது பிறகு அந்த நகரத்தின் மதம் மாதிரி ஆகிவிட்டது.

ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே விடுவார். ரெண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொருவர் ஓடிவந்து, மோதிக்கொண்டு எழும்பி, பந்தைத் தன் கூட்டாளிப் பக்கம் தட்டிவிட வேண்டும். அந்த ஆள்தான் ரக்மன். அணியிலேயே உயரமானவன். இப்போது ஆடுகிற பெரிய ரக்மன்மார் ரெண்டு மீற்றரைத் தாண்டினவர்கள். பந்து அவனிடம் நிற்பதில்லை. அவன் தட்டிவிட, சின்ன ஆள் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். அடுத்த நாள் பத்திரிகையில் ஓடினவனின் படம் வரும். நடுவில் ரெண்டு உயரமான உடம்பு கொளுவிக்கொண்டு நிற்கிற படத்தை முதல் முறை பார்த்தபோது எங்களுக்குக் கொம்புதான் ஞாபகம் வந்தது.

அங்கேயும் கழகம் என்பது முதலில் ஊர்தான். கொலிங்வூட், கார்ள்டன், றிச்மண்ட், பிட்ஸ்றோய், எல்லாம் மெல்பேர்னின் அடுத்தடுத்த குடியிருப்புகள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு மாதிரி எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. 1897இல் எட்டுக் கழகங்களோடு விக்டோரியா லீக் தொடங்கியது. பிறகு நீண்ட காலம், எந்தப் பகுதியில் குடியிருக்கிறாயோ அந்தப் பகுதிக் கழகத்துக்குத்தான் விளையாட வேண்டும் என்ற வலய விதி இருந்தது. நெட்டையன் செய்தது அந்த விதிப்படி பார்த்தால் கடமை!

இன்னொரு விதி இன்றும் இருக்கிறது. தந்தை ஒரு கழகத்துக்கு நூறு ஆட்டம் விளையாடியிருந்தால், மகனை எடுப்பதில் அந்தக் கழகத்துக்கு முன்னுரிமை. தந்தை–மகன் விதி என்று பேர். எங்கட கரையில் அப்படி ஒரு விதி எழுதினால் அது உம்மா–மகன் விதியாகத்தான் இருக்க முடியும். ஏனென்றால் வாப்பா விளையாடினது வேறொரு ஊரில், பிள்ளை வளர்வது உம்மாவின் ஒழுங்கையில்.

ரக்மன்மாரில் பெரியவர் யார் என்று கேட்டால் பழைய ஆட்கள் சொல்கிற பேர் கிரஹாம் பார்மர், செல்லப் பேர் பொலி. மேற்கு அவுஸ்திரேலியாவின் நூங்கார் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். பேர்த்தில் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர். அதுவரை வேறு வழி இல்லாதபோது மட்டும் பயன்படுத்தின கைக்குத்தை, தாக்குதல் ஆயுதமாக மாற்றினவர் என்று அவரைச் சொல்வார்கள். கிழக்குப் பேர்த் கழகத்தில் பேர் எடுத்து, 1962இல் நாட்டின் மறுகரைக்கு, ஜீலோங் கழகத்துக்குப் போனார். 1963இல் ஜீலோங் கிண்ணம் எடுத்தது. 1968இல் பேர்த்துக்குத் திரும்பினார். திரும்பினது பழைய கழகத்துக்கு இல்லை. எதிர்க் கழகமான மேற்குப் பேர்த்துக்கு, தலைவராகவும் பயிற்றுநராகவும். 1969, 1971 ரெண்டு வருடமும் மேற்குப் பேர்த் கிண்ணம் எடுத்தது. ரெண்டு இறுதியாட்டத்திலும் தோற்றது எது தெரியுமா? கிழக்குப் பேர்த்.

நெட்டையன் ஒரு கோல்தான் அடித்தான். பார்மர் ரெண்டு கிண்ணத்தைத் தட்டிப் பறித்தார். இன்று பேர்த் நகரத்துக்குள்ளால் போகிற பெருந்தெரு ஒன்றுக்கு அவருடைய பேர். 2019இல் அவர் மௌத்தானபோது கிழக்கு, மேற்கு, ஜீலோங் என்று எல்லாருமே "எங்கட ஆள்" என்றுதான் சொன்னார்கள்.

ஏழு வருட ஒப்பந்தம்

பொலி பார்மர் பழைய கதை. மெல்பேர்ன் காக்கா சொன்ன ரக்மன் புரோடி கிறண்டி.

கிறண்டி கொலிங்வூட்டின் ரக்மன். 2020இல் அந்தக் கழகம் அவரோடு ஏழு வருட ஒப்பந்தம் செய்தது. பெரிய காசு, நீண்ட காலம். இவர் இங்கேயே ஆடி இங்கேயே ஓய்வு பெறுவார் என்று ரசிகர்கள் சந்தோசப்பட்டார்கள். அதற்குப் பிறகு கழகத்தின் சம்பளக் கணக்கு இறுகியது. 2022 முடிவில் கொலிங்வூட் அவரை மெல்பேர்ன் கழகத்துக்கு விட்டது. அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கைத் தொடர்ந்து தானே கட்டிக்கொண்டு விட்டது! மெல்பேர்னில் ஏற்கனவே மெக்ஸ் கோன் இருந்தார், 2021இல் அந்தக் கழகத்துக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த தலைவர், அவரும் ரக்மன். ஒரே அணியில் ரெண்டு கொம்பு எதற்கு? 2023 கடைசியில் கிறண்டிக்கு முதல் அணியில் இடம் இல்லாமல் போனது. அதே வருடம் கொலிங்வூட் அவர் இல்லாமலே நாலு புள்ளியால் கிண்ணம் எடுத்தது. வருட முடிவில் அவர் சிட்னிக்குப் போனார். 2024இல் சிட்னி இறுதியாட்டம் வரைக்கும் வந்து பிறிஸ்பேனிடம் தோற்றது.

இதில் துரோகம் செய்தது யார்? காக்காவின் வேலைத்தளத்தில் இதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லையாம். கொலிங்வூட்காரர் சிலர், கிண்ணம் கிடைத்ததுதானே, கழகம் செய்தது சரி என்கிறார்கள். மற்றவர்கள், ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்தது கழகம், மீறினதும் கழகம் என்கிறார்கள். நாங்கள் வாசித்தவரைக்கும் ஒன்று விளங்கியது. பற்று என்ற சொல்லை ஆட்டக்காரன் போகும்போது மட்டும்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். கழகம் ஆளை விடும்போது அந்தச் சொல் காணாமல் போய் "நிர்வாக முடிவு" என்ற சொல் வருகிறது.

எங்கட ஊரிலும் அதேதான். போன வருடம் ஒரு காலிறுதிக்கு நாங்களும் வெளியூரிலிருந்து மூன்று பேரை இறக்கினோம். அவர்களுக்காக எங்கட சொந்தப் பொடியன்கள் மூன்று பேர் வரம்பில் உட்கார்ந்தார்கள். அன்று யாரும் துரோகம் என்று கூவவில்லை. நாங்களும் கூவவில்லை.

சரி, கழகமே போய்விட்டால் ரசிகன் என்ன செய்வான்? அதற்கும் அங்கே கதை இருக்கிறது. பிட்ஸ்றோய் கடனில் மூழ்கி, 1996 செப்டம்பர் 1ஆம் திகதி தன் கடைசி லீக் ஆட்டத்தை பேர்த்தில், சொந்த ஊரிலிருந்து ஒரு கண்டத்தின் அகலத்துக்கு அப்பால் ஆடியது. பிறகு பிறிஸ்பேன் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இணைந்த அணி 2001, 2002, 2003 மூன்று வருடமும் தொடர்ந்து கிண்ணம் எடுத்தது. பிட்ஸ்றோய்க்காரர் சிலர் அந்தக் கிண்ணங்களைத் தங்களுடையது என்று அழுதார்கள். சிலர் லீக் பார்ப்பதையே விட்டார்கள்.

அதற்கு முதல், 1989இல், இதே பிட்ஸ்றோயோடு இணைக்கப்பட இருந்தது புட்ஸ்கிறே. மேற்கு மெல்பேர்னின் தொழிலாளர் பகுதி, குடிவந்தவர்கள் நிறைந்த இடம். அறிவிப்பு வந்ததும் சனம் நீதிமன்றம் போய் மூன்று கிழமை அவகாசம் வாங்கியது. அந்த மூன்று கிழமையில் வீடு வீடாகக் கதவு தட்டி, தகரம் குலுக்கி, பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்துக் கழகத்தைக் காப்பாற்றியது. 1954க்குப் பிறகு கிண்ணமே காணாத அந்தக் கழகம் 2016இல் வென்றது. அந்த 1989இல் யாரும் வரம்பில் நின்று ஏசிக்கொண்டிருக்கவில்லை. ரசிகர்கள் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அந்தக் கொம்பு இதுதான்.

(இணைப்பு, பிரிப்பு என்றதும் எங்கட வாசகர்களுக்கு எது ஞாபகம் வரும் என்று தெரியும். 1987இல் கரவாகுவின் பழைய சபைகளைக் கல்முனையோடு சேர்த்ததும், 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகரசபை என்று வர்த்தமானி வந்து சில நாளிலேயே நிறுத்தப்பட்டதும் இங்கே எல்லா வீட்டிலும் கதை. அதைத் தொடங்கினால் கட்டுரை முடியாது.)

பக்கம் கேட்ட காலம்

பிறப்பால் வருகிற பக்கத்தை நாங்கள் இவ்வளவு நேரம் புகழ்ந்தோம். அதன் மற்ற முகத்தைச் சொல்லாமல் போனால் அது பொய்.

எங்கட வாப்பாமார் காரைதீவு, பாண்டிருப்புக் கழகங்களோடு விளையாடின கதை சொல்வார்கள். பிறகு பக்கம் கேட்டு உயிர் போன காலம் வந்தது. 1985 ஏப்ரலில் காரைதீவைச் சுற்றி நடந்தது, 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்தது, ரெண்டு சமூகமும் மாறி மாறி எண்ணி வைத்திருக்கிற இன்னும் எத்தனையோ. பக்கத்து ஊர் மைதானத்துக்குப் போவது விளையாட்டு இல்லை என்று ஆகி, ஒரு தலைமுறை தன் ஊருக்குள்ளேயே விளையாடி முடித்தது. நீ யாருடைய ஆள் என்ற கேள்வி இந்தக் கரையில் லேசான கேள்வி இல்லை.

கொம்புமுறி அந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டது என்று திரும்பப் பார்த்தோம். வடசேரியும் தென்சேரியும் ஒரே ஊர். ஒரே கோயில். நோய் நீங்க வேண்டும், மழை பெய்ய வேண்டும் என்பது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான தேவை. ஒரு பக்கம் மட்டும் நின்றால் கொம்பு முறியாது, சடங்கும் முடியாது. நையாண்டிப் பாட்டுக்கு ஒரு நேரம் உண்டு, அதற்கு ஒரு முடிவும் உண்டு. எதிர்ப்பக்கத்தை ஊரைவிட்டுத் துரத்துவது யாருடைய நோக்கமும் இல்லை.

நாங்கள் அன்று நெட்டையனுக்குக் கூவினதுக்கு முடிவே இல்லை. விசில் ஊதின பிறகும், வீட்டுக்குப் போன பிறகும், ஒரு மாதம் கழித்து யாப்பிலும் தொடருகிறது.

எங்கட பொதுக்கூட்டம்

பிரேரணையை எதிர்த்து நாங்கள் சொல்லப்போவது இதுதான்.

ஆட்டக்காரனின் உடம்பு அவனுடையது. முழங்கால் போனால் கழகம் வைத்தியச் செலவு கட்டுவதில்லை. வேலை, வீடு, பிள்ளை எங்கேயோ அங்கே அவன் விளையாடட்டும். ஆடுகிற இடம் இருப்பிடத்தோடு போகட்டும். உறுப்புரிமை குடி மாதிரி நிற்கட்டும். இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, இந்தக் கரையில் ஒவ்வொரு மாப்பிள்ளையும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறான். எங்கட வாப்பாமாரில் முக்கால்வாசிப் பேர் வேறு ஒழுங்கையில், வேறு ஊரில் பிறந்தவர்கள். போனவனை வெட்டுவது என்று சட்டம் வைத்தால் அவர்களுடைய கழகங்கள் முதலில் அவர்களை வெட்டியிருக்க வேண்டும்.

பற்று வேண்டும் என்றால் அதை முதலில் எங்களிடம் கேட்போம். மைதானத்தின் புல் வெட்டுகிற சிரமதானத்துக்கு வருகிறவர் எத்தனை பேர்? சந்தா கட்டினவர் எத்தனை பேர்? வரம்பில் உட்கார வைத்த அந்த மூன்று பொடியன்களிடம் போய்க் கதைத்தவர் யார்? புட்ஸ்கிறேக்காரர் தகரம் குலுக்கினார்கள். நாங்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறோம்.

இன்னொன்று. இதை எழுதுகிற ஐந்து பேரில் ரெண்டு பேர் பெண்கள். கலியாணத்துக்குப் பிறகும் இதே ஒழுங்கையில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். கழகத்தின் அடுத்த ஆட்டக்காரனை வளர்க்கப்போகிறதும் அவர்கள்தான். ஆனால் பொதுக்கூட்டத்தில் அவர்களுக்குக் கதிரை இல்லை. அவுஸ்திரேலிய லீக்கில் பெண்களின் போட்டி 2017இல்தான் தொடங்கியது, அங்கேயும் பிந்தித்தான். எங்கட யாப்பில் "ஆண்" என்று ஒரு இடத்திலும் எழுதியில்லை, தேடிப் பார்த்துவிட்டோம். எனவே ரெண்டு பேரும் இந்த முறை விண்ணப்பப் படிவம் நிரப்புகிறார்கள்.

கடைசியாக, நெட்டையனின் உம்மா. அவ இன்னும் எங்கட ஒழுங்கையில்தான் இருக்கிறா. வீடு மைதானத்துக்குப் பின்னால். இறுதியாட்டத்தன்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கோல் அடித்தவனின் பேரைச் சொன்னது வீட்டுக்குக் கேட்டதாம். பிறகு நாங்கள் கூவினதும் கேட்டதாம். போன கிழமை எங்களில் ரெண்டு பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். அவ ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊத்தித் தந்தா. போகும்போது மட்டும், "கூட்டத்துக்கு அவனுக்கும் கடிதம் வருமா மகன்?" என்று கேட்டா.

வரும். யாப்பின்படி அவன் இன்னும் உறுப்பினர். கடிதத்தை நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம்.